நான்கு விரல் தள்ளி

குப்பம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரிப்புக்காகத்தான் சொன்னாள். ஆற்றுத் திருவிழாவுக்குத் தன் சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தவள், பூதக்கரையின் நடுமேட்டில் மூச்சு வாங்க ஏறி நின்று, நான்கு மாதத்துக்கு முன்னால் தான் குழி தோண்டிய இடங்களைச் சொந்த நிலத்தைக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டு வந்தாள். "இதோ, இந்த எடத்துலதான் ஏழு கடப்பாரையையும் தார்ப்பாய்க்குக் கீழ ஒளிச்சி வெச்சோம். ஃபோட்டோவுல வந்தா அசிங்கமா இருக்கும்னு சார்தான் சொன்னாரு. அவரு மேசை போட்டு மேப்பு வரைஞ்சி முடிக்கிற வரைக்கும் நாங்க வெறுங்கையோட ஒக்காந்திருந்தோம்." சம்பந்தியம்மா சிரித்தாள். அவள் சொன்ன அந்த சார், பக்கத்தில் நின்றிருந்த ஏகாம்பரமும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் குனிந்து தரையைப் பார்த்தார். குப்பம்மா காட்டிய இடத்துக்கும் அவர் மேசை போட்ட இடத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற தூரம்கூட இல்லை. அப்போது மணி நாலே முக்கால்.

ஏழு கடப்பாரை. காம்பஸ் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுபோனாலே முள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று முப்பத்தோரு வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார், அன்றைக்கும் சொன்னார், இரும்பு இருக்கிறவர்கள் எல்லாம் தள்ளிப் போங்கள் என்று பெண்களை விரட்டினார், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், இடுப்பு பெல்ட்டையும் கழற்றினார், வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே சார் என்று குப்பம்மா கேலி செய்யக்கூடச் செய்தாள், அவரும் பெருமையாகத்தான் நின்றார், பெல்ட்டைக் கழற்றிய மனுஷனுக்குக் காலடியில் கிடந்த ஏழு கடப்பாரை ஞாபகம் வரவில்லை. காலையில் புகைப்படத்துக்காக ஒளித்தது. ஒளித்ததும் மறந்தது. கண்ணில் படாதது இல்லாதது என்று நினைத்துவிடுகிற புத்தியை என்ன செய்வது. அவர் பையைத் திறந்து காம்பஸை எடுத்தார். பெல்ட்டைக் கழற்றலாமா என்று ஒரு கணம் தயங்கி, இத்தனை ஜனத்துக்கு நடுவே கழற்ற வெட்கப்பட்டு, இருந்தாலும் கழற்றிப் பையில் சுருட்டி வைத்துப் பையையும் தள்ளி வைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று மேற்கே இரண்டு நெட்டைக் கற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். ஒரு தடவை. மறுபடி. மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூன்று தடவையும் வரைபடத்தில் போட்டதற்கு எட்டு டிகிரி வித்தியாசம். அவருடைய வரைபடத்தில் எல்லாம் சரி. மேடு சரி, பள்ளம் சரி, கரை சரி, கல் சரி, வடக்கு மட்டும் தப்பு.

எட்டு டிகிரி என்றால் கையை நேராக நீட்டிப் பிடித்து நான்கு விரலை ஒட்டிவைக்கிற அகலம். அவர் கையை நீட்டிப் பார்த்தார். இன்று சாயங்காலம் இடைவெளியில் விழ வேண்டிய சூரியன் நான்கு விரல் இடதுபக்கம் தள்ளி, எதிர்க்கரையில் நிற்கிற செல்போன் கோபுரத்துக்குப் பின்னால் விழப்போகிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரும் செல்போன் கோபுரத்துக்காக மண் சுமந்திருக்க மாட்டார்கள். சிரிப்பு வந்தது அவருக்கு, உடனே பயமும் வந்தது. இப்போது சூரியன் ஆறு விரல் தள்ளி நிற்கிறது, இந்த மாதத்தில் அது நேராக இறங்காது, வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டேதான் இறங்கும், அதனால் பார்க்கிறவர்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியாது, இதோ சாய்கிறது இதோ சாய்கிறது என்று கடைசி வரை நம்புவார்கள், சாய்ந்து சாய்ந்து இரண்டு விரல் அளவுதான் நகரும், மிச்சம் நான்கு விரல் அப்படியே நிற்கும். கணக்கு அவ்வளவுதான். சூரியனைக் கெஞ்ச முடியாது. இன்னும் ஒரு மணி நேரமும் கொஞ்சமும் இருக்கிறது. அதற்குள் இந்த அகழாய்வை நடத்திய சசிரேகாவிடம் சொல்லிவிட வேண்டும், அல்லது சொல்லாமல் இருந்துவிட வேண்டும்.

சசிரேகா கீழே பள்ளத்தருகே நின்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். வெயில் படாமல் முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், அது நழுவி நழுவி விழுந்துகொண்டே இருந்தது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை. முப்பத்தெட்டு வயதில் இந்தப் பெண்ணுக்கு இருக்கிற பிடிவாதம் அவருடைய தொல்லியல் ஆபீசில் வேறு யாருக்கும் கிடையாது. பெண்ணையாற்று வளைவில் இந்த வட்டமான மண்கரையும் உள்பள்ளமும் நடுமேடும், ஆற்றோரமாக ஐந்து சவமேடுகளும், புதிய கற்காலத்து ஜனங்கள் கூடைகூடையாக மண் சுமந்து சடங்குக்காகக் கட்டியவை என்று அவள் சொன்னபோது, ஏரிக்கரை உடைந்த மிச்சம் என்று சிரித்தவர்கள்தான் அதிகம். ஊர்க்காரர்களுக்கு அது பூதம் ஒரே ராத்திரியில் போட்ட கரை, அதனால் பூதக்கரை, அவர்களாவது பூதத்துக்கு மரியாதை கொடுத்தார்கள். அளக்கிற மின்கருவி பழுதுபார்க்கப் போய்த் திரும்பவில்லை, மேலிருந்து எடுத்த படத்தில் கருவேலங்காடு மூடிக்கொண்டு எல்லாம் ஒரே பச்சைத் திட்டாகத் தெரிந்தது, அண்ணா உங்க கை போதும் எனக்கு என்று சொல்லி மேசையையும் பென்சிலையும் அவரிடம் கொடுத்தவள் அவள்தான். மழைக்கு முன்னால் குழிகளை மூடிவிட்டு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். ஊருக்குப் போய் அந்த வரைபடத்தின் மேல் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது கிடைத்தது. தை ஐந்தாம் நாள், இந்த ஆற்றுக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் வந்து நீராடுகிற அதே நாளில், நடுமேட்டிலிருந்து பார்த்தால் சூரியன் அந்த இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கும். அப்படியானால் ஆற்றுத் திருவிழாவுக்கு நாலாயிரம் வயது. கட்டுரை எழுதினாள், சண்டை போட்டாள், பத்திரிகையில் வந்தது. அவளுடைய புத்தகம் அச்சில் இருக்கிறது, அட்டையிலேயே அந்த வரைபடம், கீழே சின்ன எழுத்தில் ஏகாம்பரம் என்று அவர் பெயர். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு அவர் அன்று இரண்டு தடவை காபி குடித்தார்.

அவர் இறங்கிப் போனார். சொல்லிவிடுகிறது, என்ன ஆகிவிடும். மேடம் ஒரு நிமிஷம். அவ்வளவுதானே. கரைக்கு அப்பால் ஆற்று மணலில் தவிலும் நாதஸ்வரமும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன, சுருளிக் கிழங்கு வேகிற வாசனை காற்றில் வந்தது, மனைவி தெய்வானைக்கு அந்தக் கிழங்கென்றால் உயிர், வருஷத்துக்கு இந்த ஒரு சமயம்தான் கிடைக்கும், தோலை உரித்து உரித்து நகத்தில் மண் ஏறியிருக்கும், இப்போது அதை ஏன் நினைக்க வேண்டும், இப்போது சொல்ல வேண்டியது கடப்பாரை. கடப்பாரை என்று ஆரம்பித்தால் போதும். இல்லை, வடக்கு என்று ஆரம்பிக்க வேண்டும். சசிரேகா அவரைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற பத்திரிகைக்காரரிடம் இவரைத்தான் சொன்னேன், இந்தக் கோட்டைப் போட்ட கை இதுதான் என்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். சுற்றி நின்ற பத்திருபது பேர் கை தட்டினார்கள். குப்பம்மாவும் எங்கிருந்தோ தட்டினாள். ஏகாம்பரம் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டார். கூட்டம் அதிகம், அப்புறம் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெல்ட் இல்லாமல் நழுவுகிற பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சவமேடுகள் பக்கமாக நடந்தார். கோழை என்று தன்னைத் திட்டிக்கொண்டார், அதுவும் மனசுக்குள்தான்.

ஐந்து மேடு, ஐந்து பேர். இந்த ஐந்து பேரையும் அவர் குழிக்குள் வயிற்றுப்பக்கமாகப் படுத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். எலும்பை வரைகிறபோது அது யாருடையது என்று நினைக்கக் கூடாது, நினைத்தால் கோடு நடுங்கும், ஆனால் மூன்றாவது மேட்டில் இருந்தவளை நினைக்காமல் இருக்க முடியவில்லை, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து ஒருக்களித்துக் கிடந்தாள், பல்லெல்லாம் முழுசாக. எல்லாருக்கும் தலை ஒரே பக்கம். தெற்கு என்று எழுதினார். அதுவும் எட்டு டிகிரி தப்பான தெற்கு. தப்பான தெற்கு. அந்த வார்த்தையிடம் வந்ததும் அவர் நின்றுவிட்டார், எதற்காக இந்தப் பக்கமாக நடந்து வந்தோம் என்று தன் காலையே நொந்துகொண்டார். இரண்டு வருஷமாக இந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிப்பார், அல்லது பென்சில் சீவுவார். இங்கே தண்ணீரும் இல்லை, பென்சிலும் பையில் இருக்கிறது, பை மேட்டின் மேல் இருக்கிறது.

அன்றைக்கு ஐப்பசி மழை. தெய்வானை பிறந்த ஊரில், பழைய இடுகாட்டில் தண்ணீர் நின்றதால் அவளை அடக்கம் செய்ய ஏரியடியில் புதிதாக ஒரு இடம். வானம் முழுக்க மூடிக் கிடந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. குழி தோண்டுகிறவர் பாதி தோண்டிவிட்டிருந்தார், சரியாகத்தான் தோண்டியிருந்தார், ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், தலைமாடு இந்தப் பக்கம்தானே என்று. ஏகாம்பரம் பார்த்தார். பார்த்து, இல்லை, தெற்கு இது என்று வேறு பக்கம் கையைக் காட்டினார். யார் கேட்டார்கள் அவரை. முந்தின நாள் முழுக்க அழாமல் இருந்தவர், ஏதாவது ஒன்றை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட வேண்டும் அவளுக்கு என்கிற வெறியில் இருந்தார், தனக்குத் தெரிந்தது திசை ஒன்றுதான், அதனால் கையைக் காட்டினார். திசை பார்க்கிறதுதானே அவருக்கு உத்தியோகம் என்று யாரோ சொன்னார்கள், மழையில் நின்றுகொண்டு குழியைத் திருப்பித் தோண்டினார்கள். மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போனபோது வானம் சுத்தமாகத் துடைத்திருந்தது. சூரியன் தெய்வானையின் கால்மாட்டுக்கு நேர் பின்னால் எழுந்து வந்தது. கால் கிழக்கே என்றால் தலை மேற்கே. எட்டு டிகிரி இல்லை, முழுசாக ஒரு திசை. தெய்வானையின் அண்ணன் பச்சையப்பன் சூரியனைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பால் சொம்பை இவர் கையில் கொடுத்தார். இவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பச்சையப்பன் வீட்டுக்கு இவர் போகவில்லை, பொங்கலுக்கு வாங்க மாப்ளே என்று போன வாரம்கூடப் போன் வந்தது, ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பாகக் காட்டிவிட்டேன் மச்சான். அவர் என்ன அடிக்கவா போகிறார். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம், அவ்வளவுதான் நடந்திருக்கும். சொல்லாததால் அவள் அங்கே குறுக்கே படுத்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும் குறுக்கே படுத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறபோது கட்டிலில்கூடக் குறுக்கே படுத்தால் நகர்ந்து படுங்கள் என்று அவரைத்தான் தட்டி எழுப்புவாள். மணி என்ன. அஞ்சு முப்பத்தைந்து. சூரியன் ஐந்து விரல். அவர் மறுபடி மேட்டைப் பார்த்து நடந்தார், வேகமாக நடந்தார், இப்போது சொல்லிவிடுவது என்று நடந்தார், பாதி தூரத்தில் வேகம் குறைந்தது. சசிரேகா முகத்தை எப்படிப் பார்ப்பது. சொன்னால் புத்தகத்தை நிறுத்துவாள், நிறுத்தக்கூடிய பெண்தான் அவள், அது இன்னும் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் இன்னும் அரை மணியில் செல்போன் கோபுரம் சொல்லிவிடும், எல்லார் முன்னாலும் சொல்லும், பத்திரிகைக்காரர் கேமராவோடு நிற்கிறார். அப்போது அவள் தன் கணக்கில்தான் தப்பு என்று நினைப்பாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தன் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். அவருடைய கையைச் சந்தேகப்பட மாட்டாள். அதை நினைத்தபோதுதான் அவருக்கு நெஞ்சு உண்மையாகவே வலித்தது.

மேட்டின் மேல் கூட்டம் நெருக்கியது. ஆண்கள் நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள், குழந்தைகள் தோளில் ஏறியிருந்தன, ஒரு பெரியவர் இப்பவே கற்பூரம் ஏற்றலாமா, இறங்கினதுக்கு அப்புறமா என்று சசிரேகாவிடம் கேட்டார், அவள் தெரியலீங்க ஐயா, உங்க இஷ்டம் என்றாள். சாய்ந்து வருகிறது பார், இதோ வருகிறது என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏகாம்பரம் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். வாயைத் திறந்தார். அப்போது அடிவானத்தில், கல்லிலிருந்து கோபுரம் வரைக்கும், எங்கிருந்தோ வந்த ஒரு மேகத் திட்டு கிடந்ததை அவர் பார்த்தார். இவ்வளவு நேரம் விரல் வைத்துச் சூரியனையே அளந்துகொண்டிருந்தவர் அதைப் பார்க்கவில்லை. கனமான சாம்பல் மேகம். சூரியன் அதன் மேல் விளிம்பைத் தொட்டது, சிவந்தது, பாதியானது, உள்ளே போய்விட்டது. எங்கே இறங்கியது என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. அட என்று கூட்டம் முழுக்க ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று கற்பூரத்தை ஏற்றிவிட்டார். கல்லுக்கு நடுவுலதான் போச்சு, நான் பார்த்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்தார், அவர் பின்னால் நின்ற நாலு பேரும் பார்த்ததாகவே சொன்னார்கள். ஏகாம்பரம் திறந்த வாயை மூடிக்கொண்டார். பிழைத்துவிட்டோம். சந்தோஷம் குப்பென்று மேலே வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜனங்கள் கிழங்கு வாங்கவும் சாமி கிளம்புவதைப் பார்க்கவும் இறங்கிப் போனார்கள். குப்பம்மா ஒரு தொன்னையில் வெந்த கிழங்கைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிடு சார், மூஞ்சி வாடிக் கெடக்குது என்று சொல்லிப் போனாள். சசிரேகா வந்து அவர் அருகில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், நாலாயிரம் வருஷம் காத்திருந்தது இன்னும் ஒரு வருஷம் காத்திருக்காதா என்றாள். ஆமாம் மேடம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். மேகத்தைப் பார்த்தார். அன்றைக்கும் இதே மாதிரிதான், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, எந்தப் பக்கம் எது என்று யாருக்கும் தெரியாமல், அவரை மட்டும் காப்பாற்றி. மூன்று நாள் காப்பாற்றியது. இது ஒரு வருஷம் காப்பாற்றும். அந்த ஒரு வருஷத்தை அவர் நினைத்துப் பார்த்தார், எத்தனை பென்சில் சீவ வேண்டியிருக்கும்.

"மேடம், நான் போட்ட வடக்கு தப்பு."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், புகைப்படம், தார்ப்பாய், ஏழு கடப்பாரை, சாயங்காலம் மூன்று தடவை அளந்து பார்த்தது. நடுவில் நிறுத்தினால் மறுபடி வராது என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"எவ்வளவு?"

"எட்டு டிகிரி."

அவள் கையை நீட்டினாள், நான்கு விரலை ஒட்டிவைத்தாள், கல்லிலிருந்து அளந்துகொண்டு போய்ச் செல்போன் கோபுரத்தில் நிறுத்தினாள். கை அங்கேயே ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் கீழே இறங்கியது.

"எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன் தெரியுமாண்ணா, இந்த ஒரு கோட்டுக்காக."

"தெரியும் மேடம்."

"மேகம்தான் மறைச்சிடுச்சே. இப்ப எதுக்குச் சொன்னீங்க?"

 அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். கோபமா அழுகையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை, இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். நாளைக்கே அச்சகத்துக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்கிறேன் என்றாள். அட்டை, உள்ளே இருக்கிற படம், அந்த ஐந்து பேருடைய படம், எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டுமா என்று கேட்டாள்.

"வேணாம் மேடம். கோடெல்லாம் சரிதான். அம்புக்குறியை மட்டும் திருப்பினா போதும். படுத்திருக்கிறவங்க படுத்தபடியே இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. காகிதத்தில் வடக்கைத் திருப்பிவிடலாம். ரப்பர் வைத்து அழித்துவிட்டு எட்டு டிகிரி தள்ளி ஒரு அம்பு, ஐந்து நிமிஷ வேலை. ஏரியடியில் எதைத் திருப்புவது. அவருக்கு உதடு கோணிக்கொண்டது, அதை மறைக்கக் கிழங்கை எடுத்துத் தோலை உரித்தார், நகத்தில் மண் ஏறியது.

சசிரேகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் இதற்கு முன்னால் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, அவருக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

"ஒரு தடவை," என்றார் ஏகாம்பரம். "அது காகிதத்துல இல்ல மேடம்."

கீழே தவில் நகர ஆரம்பித்திருந்தது, சாமிகள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் பாதி உரித்த கிழங்கைத் தொன்னையில் வைத்துவிட்டு, அன்றைக்கு மழை எப்போது பிடித்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார்.